பெரோஸ் பான்ஹோஸ் பாட்டிக்கு ஒரு பிறப்புச் சான்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகோஸ் தீவுகளில் பிறந்தவர்களின் வாரிசுகள் பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் போடும் விண்ணப்பம் சுலபம், அதற்குக் கட்டணமும் கிடையாது. படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, கைரேகை கொடுத்தோம், அவ்வளவுதான். உயிரை வாங்கியது அதற்கு முந்தைய வேலை. என் மனைவியின் பாட்டி இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசம் இருந்த அந்த சாகோஸ் தீவுகளில் பிறந்தவர் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதற்காக மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை.

நான் கோயில் திருப்பணிக்கு வந்து மொரீசியஸிலேயே தங்கிவிட்ட சிற்பி. மனைவிக்கு அப்பா வழி தமிழ்க் குடும்பம், அம்மா வழி சாகோஸ். பாட்டி 1948இல் சாகோஸைச் சேர்ந்த பெரோஸ் பான்ஹோஸ் தீவில் பிறந்தவர். 1968இல் வைத்தியத்துக்காக இங்கே வந்தார். திரும்பப் போகக் கப்பல் கேட்டபோது, இனிக் கப்பல் இல்லை, தீவை விற்றாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அதே தீவுக்கூட்டத்தில் இருக்கும் டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் வருகிறதென்று 1973க்குள் மிச்சமிருந்தவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் என் மாமியாருக்கே பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. அவர் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பேரப்பிள்ளைகளுக்கு வழி திறந்தது 2022 சட்டத்தில்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். பிறப்புப் பதிவு எடுக்கும் கவுன்ட்டரில் இருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "பெரோஸ் பான்ஹோஸா? அங்கேதான் ஆளே கிடையாதே!" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி என்று யாரும் இருக்கப்போவதில்லை என்று 1966லேயே லண்டன் அதிகாரிகள் கோப்பில் எழுதிவைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று காட்டிவிட்டால் வேலை சுலபம் இல்லையா? அந்தப் பொய்க்கு இந்தப் பையனிடம் மாட்டிக்கொண்டு முழித்தது நாங்கள்.

மனைவியின் குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர். அதைப் பார்த்த இன்னொருவர், "டியகோ கார்சியா முகாமில் இருந்தவர்களா நீங்கள்?" என்று கேட்டார். 2021 அக்டோபரில் படகில் போய் அங்கே சிக்கிக்கொண்ட இலங்கைத் தமிழர்களைச் சொல்கிறார். வேலிக்குள் மூன்று வருடம் வைத்திருந்து, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் அடைபட்டதும் சாகோஸ்காரர்கள் விரட்டப்பட்டதும் ஒரே தீவுக்கூட்டத்தில்தான். ஆனாலும் இது வேறு வழக்கு என்று விளக்குவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒருவழியாகப் பதிவு கிடைத்தது. அதில் பாட்டி ரோஸ்மோந்த். மாமியாரின் பிறப்புச் சான்றில் அவர் அம்மா பெயர் ரோஸ்மி. "இவர்கள் இரண்டு பேர்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் ஒரு பெண்மணி. அதற்கப்புறம் தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பிடித்தோம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று பாட்டியை அறிந்தவர் ஒருவர் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் நல்லது என்றார் அட்டர்னி, அதாவது எங்கள் வக்கீல்.

பாயிண்ட் ஓ சாப்ளில் ஒரு கிழவி இருந்தார், பாட்டியோடு ஒரே தீவில் வளர்ந்தவர். கூட்டிக்கொண்டு போனோம். மைப்பெட்டியை முன்னால் நகர்த்தியதும் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டார். முழுவதையும் தான் பேசும் கிரியோல் மொழியில் படித்துக் காட்டச் சொன்னார். அட்டர்னி படித்தார். இன்னொரு தடவை என்றார். மறுபடியும் படித்தார். அதன்பிறகுதான் பெருவிரலை நீட்டினார். 1980களில் நஷ்டஈடு என்று கொடுத்தபோது, தீவுக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஆங்கிலத்தில் எழுதிய தாளில் விரலை அழுத்த வைத்தார்களாம். படித்துச் சொல்ல ஆளில்லை. கிழவி அதை மறக்கவில்லை.

இதற்கு நடுவில் 2025 மே 22 அன்று சாகோஸ் பற்றி பிரிட்டனுக்கும் மொரீசியஸுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. "இனி சாகோஸ் நம்முடையது, உங்களுக்கு எதற்கு லண்டன்?" என்று ஒரு கவுன்ட்டரில் வியாக்கியானம் வேறு. இறையாண்மை மொரீசியஸுக்கு, டியகோ கார்சியா தளம் 99 வருடத்துக்குப் பிரிட்டனிடம் என்பது ஏற்பாடு. மற்ற தீவுகளில் குடியேறலாம் என்று அதில் இருக்கிறது. மனைவியின் மாமா பெரோஸ் பான்ஹோஸ் போகிறேன் என்கிறார். தண்ணீர், மருத்துவமனை எல்லாம் யார் கட்டித் தருவார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: பெயர் எழுத்துகளை எல்லாத் தாளிலும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரெஞ்சுத் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதியோடு. அம்மாவுக்குக் கிடைத்தால் குழந்தைக்குத் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், அதற்கும் தனி விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் என்று எவனாவது ஏஜென்ட் காசு கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்குத்தான் காசு. 2022 நவம்பர் 23 அன்று 18 வயது முடிந்திருந்தவர்களுக்கு 2027 நவம்பரோடு கதவு மூடுகிறது. காகிதம் தேடவே எவ்வளவு காலம் போகும் என்று எங்களைக் கேளுங்கள்.

மனைவிக்கும் மகளுக்கும் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று மாமியார் தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தார். எனக்குக் கிடையாது, கணவன் மனைவிமார் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள். நான் போக வேண்டுமென்றால் குடும்ப விசா, அதற்கு மனைவி வருடம் 29,000 பவுண்டு சம்பாதிப்பதாகக் காட்ட வேண்டும். அவள் இங்கிலாந்தில் க்ராலி ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு முதலில் போய் வேலை பார்ப்பதா, வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. நான் கோபுர வேலை முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.