ஏழு போட்டால் ஏழு கேட்கணும்

போன வாரம் வேலூர் மாவட்டத்து லத்தேரி பக்கத்திலிருந்து ஒருத்தர் கடைக்கு வந்தார். டிவிஎஸ் எக்ஸெல்லில் குறுக்கே கட்டிக் கொண்டுவந்த ஐந்து எச்.பி. சப்மெர்சிபிள், போர்வெல் தண்ணிக்குள் மூழ்கி ஓடுகிற மோட்டார். இறக்கி வைக்கும்போதே கருகின வாசனை. அந்த மோட்டாருக்குத் தண்ணிதான் குளிர்ச்சி, தண்ணி இல்லாமல் ஓடினால் உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, அதாவது வைண்டிங், வெந்துபோகும், இருபது வருஷமாக இப்படி வெந்ததைப் பிரித்துப் பிரித்துச் சுற்றித்தான் என் பிழைப்பு நடக்கிறது.

"போர் எத்தினி அடி?"

"அறநூத்தி அம்பது. அர மணி நேரம் ஓடும், அப்பால காத்துதான்."

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, போருக்குள்ள வெடி எறக்கி அடிச்சா பாறை பொளந்து ஊத்து வரும்னு ஒருத்தன் சொல்றான். பண்ணலாமா?"

சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அதற்குத்தான் நேரம் பிடித்தது. அவரிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

1989-இல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன்னால், திருவண்ணாமலை வரைக்கும் எல்லாமே வட ஆற்காடாக இருந்த காலம். எங்கள் கழனிக் கிணறு அப்போது ஐம்பது அடி. மேலே பதினெட்டு இருபது அடி செம்மண்ணும் மொரம்பும், அதற்குக் கல்கட்டு, கீழே முழுக்கப் பாறை. எங்கள் பக்கத்துப் பாறை சார்னோக்கைட்டும் நைஸும்தான், இரண்டும் கெட்டியான கல். சார்னோக்கைட் என்ற பெயரே ஒரு வேடிக்கை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் பதித்த கல் இந்த வகைக் கல், அது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது, அதனால் கல்லுக்கே அவர் பெயர் வந்துவிட்டது. நம் கல், பேர் அவருக்கு. சரி, அதை விடுங்கள். இந்தக் கல் தனக்குள் தண்ணி வைத்துக்கொள்ளாது. மணலில் மாதிரி துளைகள் கிடையாது. தண்ணி இருந்தால் விரிசலில்தான் இருக்கும், விரிசல் இல்லாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் வரும்.

எங்கள் கிணற்றில் ஈசான மூலையில் அப்படி ஒரு விரிசல். இரண்டு விரல் தடிமனுக்கு ஊத்து வந்துகொண்டே இருக்கும். இன்னும் ஐந்தடி இறக்கினால் ஊத்து பெருகும் என்பது பெரியப்பாவின் கணக்கு.

வெடி போட ஒரு மேஸ்திரி வருவார். அந்தக் காலத்தில் கம்ப்ரசர் வண்டி எங்கள் ஊர்ப் பக்கம் வருவது அபூர்வம், உளியும் சம்மட்டியும்தான். ஒருத்தர் உளியைப் பிடித்து ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்புவார், இன்னொருத்தர் அடிப்பார், நாள் முழுக்க அடித்தால் மூன்று நாலு குழி தேறும். குழியில் வெடிமருந்து வைத்து, மேலே களிமண் அடைத்து, திரியை வெளியே விடுவார்கள். மேஸ்திரி திரியை ஒரே நீளத்தில் வெட்ட மாட்டார். நடுக்குழிக்குக் குட்டை, ஓரக்குழிகளுக்கு நீளம். நடுவில் முதலில் வெடித்துப் பள்ளம் விழுந்தால்தான் ஓரத்துப் பாறை சாய்வதற்கு இடம் கிடைக்கும் என்பார். பற்ற வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே வருவார், ஓட மாட்டார், பீடி பிடிக்கப் போகிறவர் மாதிரி நடந்து வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். அதற்கு முன்னாலேயே கிணற்று வாயில் பனங்கட்டையும் முள்ளும் போட்டு மூடியிருப்பார்கள், வரப்பில் ஒருத்தர் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு "வெடீ... வெடீ..." என்று கத்துவார்.

என் வேலை எண்ணுவது. ஒன்பது வயசுப் பையனுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடையாது. ஏழு போட்டால் ஏழு கேட்கணும். ஆறு கேட்டால் ஒன்று உள்ளே நின்றுவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. இரண்டு ஒன்றாக வெடித்தால் எப்படித் தெரியும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "நெஞ்சுல தெரியும்டா" என்றார். உண்மைதான். சத்தம் ஒன்றாகக் கேட்டாலும் தரையில் வருகிற உதை வேறு மாதிரி இருக்கும்.

வெடித்த பிறகும் உடனே இறங்க முடியாது. புகை கிணற்றுக்குள்ளேயே நிற்கும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் புகையைக் கிளப்புவார்கள்.

அந்த வருஷம் பெரியப்பாவுக்கு அவசரம். நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. "கூலி வேணா சேத்துக் குடுக்கறேன், மருந்த கொஞ்சம் தூக்கிப் போடு" என்றார். மேஸ்திரி முதலில் மாட்டேன் என்றார், அப்புறம் போட்டார். ஏழும் கேட்டது. வேப்பமரத்திலிருந்து பழுத்த இலையெல்லாம் கொட்டியது. கிணற்றில் இறங்கிப் பார்த்தால் வழக்கத்தைவிட இரண்டு பங்கு கல், பாதி தூள். எல்லாருக்கும் சந்தோஷம். கல்லை மேலே ஏற்ற நாலு நாள் ஆனது. நாலாவது நாள்தான் ஒருத்தர் கவனித்தார், ஈசான மூலை காய்ந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை. மேஸ்திரி ரொம்ப நேரம் அந்தப் பாறையைத் தடவிக்கொண்டே நின்றார். "வாய மூடிக்கிச்சிங்க" என்றார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் இன்னும் இருபதடி இறக்கினோம், அந்த ஊத்து திரும்பி வரவே இல்லை.

அது ஏன் வாயை மூடிக்கொண்டது என்பது பல வருஷமாக என் மண்டைக்குள் இருந்தது. மோட்டார் வைண்டிங் சுற்றிக்கொண்டே போனில் கேட்டும் படித்தும்தான் கொஞ்சம் பிடிபட்டது.

மருந்து வெடிக்கும்போது உள்ளே வினை நொடிக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த அதிர்ச்சி அலை குழியை ஒட்டியுள்ள பாறையை நசுக்கி மாவாக்குகிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் விரிசல் விடுகிறது. அப்புறம் அலை பாறைக்குள் ஓடி, வெளி முகத்தில், அதாவது காற்று இருக்கும் பக்கத்தில் மோதித் திரும்புகிறது. திரும்பும்போது அது அமுக்கும் அலை இல்லை, இழுக்கும் அலை. கருங்கல் அமுக்கினால் மலை மாதிரி தாங்கும், இழுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம்தான். அதனால் பாறை வெளிப்பக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறது, பின்னால் வரும் வாயு விரிசலுக்குள் புகுந்து தள்ளிவிடுகிறது. மேஸ்திரி நடுக்குழிக்கு முதலில் வழி விட்டது இந்த வெளிமுகத்தை உண்டாக்கத்தான். இயற்பியல் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார் மனுஷன்.

மருந்து அதிகமானால் நசுங்குகிற பகுதி பெரிதாகிறது. அந்த மாவு, ஊத்து வருகிற விரிசலுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்ளலாம். அல்லது அடியில் புது விரிசல் திறந்து தண்ணி வேறு பக்கம் இறங்கிவிடலாம். எங்கள் கிணற்றில் இரண்டில் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

குழாய்க் கிணற்றுக்குள் வெடி இறக்குவதை அமெரிக்காக்காரர்கள் எண்ணெய்க் கிணற்றில் 1865-லேயே செய்து பார்த்திருக்கிறார்கள். எட்வர்ட் ராபர்ட்ஸ் என்று ஒருவர், உள்நாட்டுப் போரில் இருந்தவர். பிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் ஒரு கால்வாய்த் தண்ணிக்குள் குண்டு விழுந்து வெடித்ததைப் பார்த்திருக்கிறார். பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் ஊர்ப் பக்கம் கிணற்றுக்குள் இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறக்கி, மேலே தண்ணியை நிரப்பி வெடிக்க வைத்தார். அந்தத் தண்ணிதான் அடைப்பு, நம் மேஸ்திரியின் களிமண் செய்த அதே வேலை. ஒரு வெடிக்கு நூறு இருநூறு டாலர், அதோடு கூடுதலாக வரும் எண்ணெயில் பதினைந்தில் ஒரு பங்கு வாங்கினாராம். அந்த விலை கட்டுப்படியாகாதவர்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருளைத் தூக்கிக்கொண்டு போய் வெடி வைத்திருக்கிறார்கள், அதில் பல பேர் செத்தும் போயிருக்கிறார்கள்.

நூறு வருஷம் கழித்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெரியப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 1967 டிசம்பரில் நியூ மெக்சிகோவில், நாலாயிரம் அடிக்குக் கீழே, 29 கிலோடன் அணுகுண்டு. ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இறுகின பாறையை உடைத்து எரிவாயு எடுக்கத்தான். அப்புறம் 1969-லும் 1973-லும் கொலராடோவில். பாறை உடைந்தது, வாயுவும் வந்தது. ஆனால் அதில் கதிரியக்கம் இருந்ததால் அடுப்பில் எரிக்க யாருக்கு மனசு வரும்? கைவிட்டுவிட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் குண்டின் பலம் இல்லை, நேரம். வெல்லக்கட்டியைச் சுத்தியால் ஓங்கி அடித்தால் அடிபட்ட இடம் பொடியாகும், கட்டி அப்படியே கிடக்கும். வெடி அந்த மாதிரி, மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும். வேலிக்குக் கல்தூண் உடைக்கிறவரைப் பாருங்கள், வரிசையாகக் குழி போட்டு ஆப்பை மெல்ல மெல்லத் தட்டுவார், பாறை ஒரே கோட்டில் விட்டுக் கொடுக்கும். தண்ணியை அழுத்தி விரிசல் உண்டாக்கும் ஹைட்ரோ பிராக்சரிங் இந்த ஜாதி. நிமிஷக் கணக்கில் நடக்கும், பெரும்பாலும் பாறையில் அழுத்தம் எந்தத் திசையில் இடம் கொடுக்கிறதோ அந்தத் திசையில் ஒரு விரிசல். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, ராக்கெட்டில் எரிவது மாதிரியான மருந்தை வெடிக்காமல் வேகமாக எரிய விடுவது. மில்லி நொடிகளில் வாயு பெருகும். நசுக்குவதற்கு மெதுவு, ஒரே விரிசலோடு நிற்பதற்கு வேகம், அதனால் நாலைந்து பக்கம் பிளந்துகொண்டு போகும். எண்ணெய்க் கிணறுகளில் செய்கிறார்கள். நம் ஊர்ப் போரில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

லத்தேரிக்காரரிடம் சொன்னது இதுதான். திறந்த கிணற்றில் வெடி வேலை செய்கிறதென்றால் அங்கே பாறைக்கு வெளிமுகம் இருக்கிறது. ஆறரை அங்குலப் போரில், அறுநூறு அடி ஆழத்தில், சுற்றிலும் பாறை, அதன் மேல் இருக்கிற பாறையின் எடை மட்டுமே சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது கிலோ. அலை எங்கே போய் மோதித் திரும்பும்? பக்கத்துச் சுவர் நொறுங்கி விழுந்து போரே தூர்ந்து போனால் அந்த அரை மணி நேரத் தண்ணியும் போச்சு. அதோடு, லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து கையில் இருந்தாலே வெடிபொருள் சட்டத்தில் கேஸ். எவனோ ஒருத்தன் பையில் கொண்டு வருவான், கேஸ் நிலத்துக்காரர் பேரிலும் வரலாம்.

"அப்ப வெடியே பிரயோஜனம் இல்லையா?" என்றார். அப்படியும் இல்லை. மகாராஷ்டிராவில் அரசு நிலத்தடி நீர்த் துறையே குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிப் போர் போட்டு வெடி வைத்திருக்கிறது. கிணற்றைச் சுற்றியுள்ள பாறையை உடைத்து, மழைத் தண்ணி தங்க இடம் பண்ணுகிற வேலை. அது ஆழமில்லாத வேலை, நிலவியல் படித்தவர்கள் பார்த்துச் செய்வது. நம் பக்கம் கைப்பம்புப் போர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியம் ஹைட்ரோ பிராக்சரிங் செய்திருக்கிறது. ரப்பர் அடைப்பை இறக்கி, அதற்குக் கீழே தண்ணியை அழுத்தினால் ஏற்கெனவே இருக்கிற விரிசலில் அடைத்திருக்கும் களிமண் கழுவிக்கொண்டு போகும், பக்கத்து விரிசலோடு சேர்ந்தாலும் சேரும். பக்கத்தில் விரிசலில் தண்ணியே இல்லையென்றால் எதைப் பிளந்தும் லாபமில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியபோது எங்கள் பழைய கிணறு ஒரே வாரத்தில் கல்கட்டு வரைக்கும் ஏறி நின்றது, ஒரு குச்சி மருந்து கூட இல்லாமல்.

மேஸ்திரியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மருந்தைக் கையால் தொட்டுத் தொட்டு அவருக்கு எப்போதும் தலைவலி. அதில் இருந்த நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தக் குழாயை விரித்துவிடும், அந்த வலி. (நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்தை 2004-இல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், இப்போது குவாரிகளில் எமல்ஷன் என்ற வேறு வகை வெடிமருந்து.) கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், பார்க்கப் போயிருந்தேன். நாக்குக்கு அடியில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், இது தோட்டா தலவலிடா" என்றார். நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது, அந்த மாத்திரையும் அதே நைட்ரேட் குடும்பம்தான்.

நேற்று லத்தேரிக்காரர் வந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். தண்ணி வற்றினால் தானாக நிற்கிற பேனல் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னேன், விலை கேட்டுவிட்டு அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். வெடியைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வைண்டிங் கூலியில் இருநூறு ரூபாய் பாக்கி.