காலண்டரில் பென்சில் புள்ளி

செப்டம்பர் 29, 2024

பிபிடி நெல் நாத்துக்கு இன்றோடு 28 நாள். நாளைக்குப் பறி, மறுநாள் நடவு. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிற மேட்டூரை இந்த வருஷம் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்பைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் ஊரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் மட்டும் வராமலே போனால் தேவலை என்று உள்ளுக்குள் நினைத்தேன். விவசாயி மகன் நினைக்கக்கூடாத நினைப்பு.

காரணம் எலி. வரப்பு வளையில் எலி, அதன் மூத்திரம், அது கலந்த சேறு, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரிகிற என் குதிகால் வெடிப்பு. நான்கையும் கோத்து எலிக்காய்ச்சல் என்று மாலை கட்டிவிடும் மனசு. போன இரண்டு நடவுக்கும் முழங்கால் வரை கம்பூட் மாட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகை வாசலிலேயே நின்றேன். எலிக்காய்ச்சல் ஒன்றும் கற்பனை இல்லை, சேற்றில் நிற்கிறவர்களுக்கு வரக்கூடியதுதான். அதுதான் வில்லங்கம். பேய்க்குப் பயந்தால் பேயே இல்லை என்று பேச்சை முடித்துவிடலாம்.

செப்டம்பர் 30

தஞ்சாவூர் மனநல டாக்டரிடம் போய்வந்தேன். ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே செய்ய வைக்கும் என் நோய், எவ்வளவு என்று அளக்கும் யேல்-பிரவுன் கேள்விகளில் முதல் தடவை 40-க்கு 29 வாங்கியிருந்தேன். இன்று 23. பரீட்சையில் மார்க் குறைந்ததற்குச் சந்தோஷப்படுவது இதுதான் முதல் முறை. செர்ட்ராலின் மாத்திரை ஆரம்பித்துப் பத்து வாரம். இந்த நோய்க்கு எட்டு, பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

உளவியலாளர் அம்மா கொடுத்த வீட்டுப்பாடம்: சேடையில், அதாவது நடவுக்கு உழுது சேறாக்கிய வயலில், வெறுங்காலோடு இறங்க வேண்டும். குதிகாலை அவரே பார்த்தார். "புண்ணு இருந்தா ஊர்ல யாரும் இறங்க மாட்டாங்க, நீங்களும் இறங்காதீங்க. இல்லைன்னா மத்தவங்க செய்றதையே செய்யுங்க. ஏறினதும் ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஒரே தடவை. டெட்டால் கிடையாது, செல்லுல தேடுறது கிடையாது, வீட்டுல கேக்குறது கிடையாது."

கடைசிதான் கஷ்டம். "ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று என் மனைவியிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பேன் என்று ஒரு வாரம் எழுதிவைக்கச் சொன்னார்கள். ஒரு நாள் 31 வந்தது.

அக்டோபர் 1

இறங்கினேன்.

முதல் பத்து நிமிஷம் காது அடைத்துவிட்டது. "என்னா தம்பி, பூட்ஸு எங்க?" என்று நடவுக்கு வந்த அக்கா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நாத்து முடிச்சைத் தூக்கிப் போடுகிற வேலை எனக்கு. வடக்கு வரப்பில் எலி பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி வைத்திருந்தார்கள். ஒன்றில் எலி மாட்டிச் செத்துக் கிடந்தது. அங்கே தண்ணீர், இங்கே என் கால், நடுவில் ஆறு மா நிலம். தண்ணீருக்கு வரப்பு உண்டு, மனசுக்கு ஏது? ஓடிப்போய்க் கழுவு, கழுவு என்றது. நின்றேன். தைரியத்தால் இல்லை, அத்தனை பேர் பார்க்கிறார்களே என்கிற வெட்கத்தால். அரைமணி கழித்துப் பயம் அப்படியே இருந்தது, ஆனால் கொஞ்சம் சலித்துப்போயிருந்தது. சலிக்கிற பயத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. எப்போதும் அதற்கு முன்னாலேயே கழுவப் போயிருப்பேன்.

அக்டோபர் 3

கெண்டைக்கால் வலி. கெண்டைக்கால் வலி எலிக்காய்ச்சலின் அறிகுறி. இரண்டு வருஷம் கழித்துச் சேற்றில் நடந்தவனுக்கும் அதே இடத்தில்தான் வலிக்கும். இரண்டும் தெரியும். தெரிந்து என்ன?

சாயங்காலம் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன். "இது நடந்த வலிதானே?"

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "தெரியலைங்க. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்."

போன மாதம் உளவியலாளர் அவளையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்த பதில் அது. அவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று கைநடுக்கத்தில் தெரிந்தது. ராத்திரி சாப்பிடும்போது, "ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றதுதாங்க சுலபமா இருந்துச்சு" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. ரசம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

அக்டோபர் 5

தோற்றுவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லையில் நின்று செல்லில் தேடினேன். கண்ணாடியில் கண் சிவந்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தேன். தூக்கமில்லாதவன் கண் வேறு எப்படி இருக்கும்?

போன வருஷம் மூன்று தடவை டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன். மூன்றிலும் ஒன்றுமில்லை. முதல் ரிப்போர்ட்டின் நிம்மதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்கியது. காய்ச்சல் கண்டு ஒரு வாரம் ஆகுமுன் எடுத்தால் ரத்தத்தில் தெரியாமல் போகலாம் என்று எங்கோ படித்திருந்தேனே! எனக்குக் காய்ச்சலே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அப்புறம் அந்தக் காலண்டர். கிருமி உள்ளே போனால் 2 முதல் 30 நாளுக்குள் காட்டும் என்பதால், தண்ணீர் மேலே பட்ட நாளிலிருந்து முப்பது பென்சில் புள்ளி வைப்பேன். இருபதாவது புள்ளியில் வாய்க்கால் தண்ணீர் தெறிக்கும். மறுபடி ஒன்றிலிருந்து. டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் படாத முப்பது நாளை எங்கே தேடுவது?

அக்டோபர் 8

அத்தை போன் பண்ணி, குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் இருந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்றார். சாமி கும்பிட வருகிறேன் அத்தை, மாத்திரையை நிறுத்த மாட்டேன் என்றேன். அவரிடம் சொல்லாத ஒன்று: காலைக் கழுவும்போது கந்தா என்று பதினொரு தடவை சொல்ல ஆரம்பித்தேன், பத்தா பதினொன்றா என்று சந்தேகம் வந்து முதலிலிருந்து சொல்வேன். முருகனையும் சோப்பாக்கிவிட்டேன். இதைச் சொன்னபோது உளவியலாளர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

இப்படி ராத்திரியில் தவிப்பவர்களுக்கு: 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். எலிக்காய்ச்சலா என்று கேட்கத்தான் ஜூனில் கூப்பிட்டேன். தஞ்சாவூருக்கு வழி அங்கேதான் திறந்தது.

அக்டோபர் 13

பயிர் பச்சை பிடித்துவிட்டது. கெண்டைக்கால் வலி என்றைக்குப் போனது என்று தெரியவில்லை. காலண்டரில் புள்ளி இல்லை, பென்சில் என் மனைவியிடம். இன்று பன்னிரண்டாம் நாள் என்று மட்டும் தானாகவே தெரிகிறது, எண்ணாமல் இருக்க இன்னும் வரவில்லை.

காலையில் நாத்து செத்த இடங்களில் ஊன்றப் போனேன், வெறுங்காலோடுதான். ஏறி வந்து போர்செட்டில் ஒரு தடவை கழுவினேன். செருப்பு மாட்டப் போகும்போது இடது குதிகாலை மட்டும் தண்ணீரில் இன்னொரு முறை காட்டிவிட்டேன். ஒன்றேகால் தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.