கடப்பாறை நீச்சல்

போன நவம்பரில் என் ஆறு வயது மகள் முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தில் குதித்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் வரிசையாக மற்ற பிள்ளைகளும் குதித்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும், காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற குரலில், "அய்யோ பாப்பா!" என்று கத்திவிட்டேன்.

அது நீச்சலில் முதல் படியான 'ஏ' டிப்ளமாவுக்கான தேர்வு. நெதர்லாந்தில் பிள்ளைகளுக்குப் பல் விழுவதற்கும் இந்த டிப்ளமா வருவதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. துணியோடு நீந்த வேண்டும். தண்ணீருக்கடியில் ஒரு படுதாவைத் தொங்கவிட்டு, அதிலிருக்கும் ஓட்டை வழியாக மூன்று மீட்டர் மூழ்கியபடியே போக வேண்டும். நாட்டின் நிலத்தில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வாய்க்காலில் தவறி விழுகிறவர் யாரும் நீச்சலுடை போட்டுக்கொண்டு விழுவதில்லை, அதனால்தான் துணியோடு. யோசித்தால் நியாயம்தான். ஆனால் யோசிப்பதற்கு முன்பே நான் கத்தியாகிவிட்டது.

பயிற்சி தரும் பெண் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட மகளே டச்சில் பதில் சொல்லிவிட்டாள். "தெரியாது. அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்."

பொய்யில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடப்பாறை நீச்சல்தான்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், தென்பெண்ணைக்குப் பக்கம். ஆறு இருந்தது, அணை இருந்தது, மாந்தோப்புக்கு நடுவில் அறுபதடிக் கிணறும் இருந்தது. சித்தப்பா பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஆரம்பித்து, அடுத்த கோடையில் பம்ப்செட் ரூம் மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் மேட்டில் உட்கார்ந்து துணிக்குக் காவல் இருக்கும் வேலை. போதாததற்கு என் ஜாதகத்தில் தண்ணியில் கண்டம் என்று சோசியக்காரர் சொன்னதாக அம்மா சொல்வார். அணை நிரம்பி வந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அங்கேயே மீன் வறுவல் வாங்கித் தின்னும்போதும் அப்பா என் மணிக்கட்டை விடமாட்டார். கண்டம் உள்ள பெண்ணைக் கடைசியில் கண்டம் தாண்டிக் கட்டிக்கொடுத்தார்கள். வந்து சேர்ந்த நாட்டில் தரையைவிடத் தண்ணீர் மேலே நிற்கிறது.

ஜனவரியில் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். 'உங்கள் இலக்கு என்ன? எந்தத் தேதிக்குள்?' இவ்வளவுதான் கேள்வி. நான் எழுதினேன்: என் மகள் தண்ணீரில் விழுந்தால் காப்பாற்ற வேண்டும்.

அந்தப் பெண் படித்துவிட்டுத் தலையாட்டினார். "அவளிடம்தான் டிப்ளமா இருக்கிறதே! நீங்கள் விழுந்தால் அவள் காப்பாற்றுவாள். உங்களுக்கு என்ன வேண்டும், அதை எழுதுங்கள்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பட்ட கூச்சம், நீச்சலுடையில் முதல்முறை நின்றபோதுகூட இல்லை.

எங்கள் வீட்டில் இலக்கு இல்லாமல் இல்லை. தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் முழுக்க அப்பாவின் இலக்குகள்தான். பூவெடுத்ததும் தோப்பைக் குத்தகைக்கு விட்டால் இவ்வளவு, அதில் உரக்கடைக்கு இவ்வளவு, மீதி போர் போட. அம்மாவுக்குச் சீட்டு. ஒரு சீட்டு அக்கா கல்யாணத்துக்கு, ஒன்று என் காலேஜ் பீஸுக்கு, ஒன்று தம்பி பைக்குக்கு. சீட்டைவிடக் கறாரான இலக்கு உலகத்தில் இருக்க முடியுமா? தொகை உண்டு, தேதி உண்டு, தவறினால் மானம் போகும். அம்மா ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து ஒரு சீட்டைக்கூடத் தனக்கென்று எடுத்ததில்லை. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது தாள் கொடுத்துக் கேட்டிருந்தால், என்னைப் போலத்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

நானும் அதே அச்சுதான். இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு வைத்த இலக்குகள்: அப்பாவின் கடன், ஊரில் மாடி, தம்பி படிப்பு. எல்லாம் முடிந்தது. முடிந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் அந்தத் தாளில் 'முடிந்தவரை கற்றுக்கொள்ள வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் குதித்தார். இவர் எஞ்சினியர், ஆபீஸில் வருஷா வருஷம் இலக்கு எழுதிக் கொடுத்துப் பழகியவர். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்பவர் சொன்ன ஐந்து ஆங்கில எழுத்து 'ஸ்மார்ட்' இலக்கில் ஆரம்பித்தார். இலக்கு குறிப்பாக, அளக்கக்கூடியதாக, தேதியோடு இருக்க வேண்டுமாம். அப்புறம் எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற உளவியலாளர்கள் பக்கம் போனார். அமெரிக்காவில் மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தன. 94 சதவீதம் என்று இலக்கு வைத்ததும், கூடுதல் கூலி எதுவும் இல்லாமலே 90-ஐத் தொட்டுவிட்டன. 1975-இல் வந்த ஆய்வு. "முடிஞ்சவரைக்கும்னு சொன்னா ஒருத்தனும் செய்யமாட்டான்" என்று முடித்தார்.

எங்கள் ஊர் மாங்காய் லாரியை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. சீசனில் எந்த உளவியலாளரும் சொல்லாமலே பெங்களூரா காய் நூற்றைத் தாண்டித்தான் ஏறும். இதைச் சொன்னேன். பதிலுக்கு எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்து, 'ஜூன் 30, 25 மீட்டர்' என்று மஞ்சள் நிறத்தில் போட்டுவிட்டார்.

கேலி செய்தாலும், அந்த மஞ்சள் கட்டம் வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் 'பாத்துக்கலாம்' என்போம். அருமையான சொல், எத்தனையோ வறட்சியைத் தாண்ட வைத்த சொல். ஆனால் அதில் தேதி கிடையாது. தேதி இருந்ததால்தான் மழையிலும், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மாதத்திலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வியாழனும் சமையலைப் பாதியில் விட்டுப் போகும்போது, கல்லாவிலிருந்து காசு எடுத்ததுபோலக் குற்ற உணர்ச்சி. மூன்றாவது வாரம் முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். ஏழாவது வாரம் மிதந்தேன். இங்கே முதலில் 'ஸ்கோல்ஸ்லாக்' என்ற தவளை நீச்சல்தான் சொல்லித் தருகிறார்கள். சித்தப்பா பையன்கள் கிணற்றில் அடித்தது அதுதான் என்று பாதிக் குளத்தில் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் குளோரின் வாடை போய், பாசி வாடையும் மோட்டார் ரூம் எண்ணெய் வாடையும் வந்துவிட்டன. காலை உதைக்க மறந்து இரண்டு வாய்த் தண்ணீர் குடித்தேன்.

நாங்கள் இருக்கும் ஐந்தோவன் நகரம் எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரொட்டியும் சீஸும் மதியச் சாப்பாடு என்று ஏற்றுக்கொண்டாயிற்று. பிறந்தநாள் வீட்டில் வட்டமாக உட்கார்ந்து, மாமா அத்தை எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லவும் கற்றாயிற்று. ஆனால் குளத்திலிருந்து பசியோடு வரும்போது மனசு கேட்பது சுடச்சுட ராகிக்களியும் கீரைக் கடைசலும்தான்.

ஜூன் 12-ஆம் தேதி 25 மீட்டர் நீந்தினேன். மஞ்சள் கட்டம் பச்சையானது. ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா தோப்பில் இருந்தார், பின்னால் காய் பறிக்கும் சத்தம்.

"அம்மா, நான் நீச்சல் கத்துக்கிட்டேன்."

"சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?"

"அதுக்கு இன்னும் இருக்கும்மா. துணியோட குதிக்கணும்."

"புத்தி கெட்டவங்க. சரி, சளி புடிக்காம பாத்துக்க."

"தண்ணியில கண்டம் இருக்குன்னியே, பயமா இல்லையா உனக்கு?"

அம்மா சிரித்தார். "சோசியக்காரன் எங்கடி சொன்னான்? நீ கெணத்துப் பக்கம் போகக்கூடாதுன்னு நானும் உங்கப்பாவும் சொன்னது அது."

முப்பது வருஷமாக எனக்குள் இருந்த கண்டத்தை ஒரே வரியில் எடுத்துவிட்டு, டன்னுக்கு என்ன விலை போகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார். நானும் 'ஊம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து அந்தப் படுதா ஓட்டை. மூன்று மீட்டர், செப்டம்பர் மாதம். குதிப்பதற்கு முழுக்கைத் துணி வேண்டும் என்றார்கள். கிருஷ்ணகிரியில் தைத்த பழைய காட்டன் சுடிதார் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். நனைந்தால் அது கல்லாகக் கனக்கும் என்கிறார் இவர். மகளோ துப்பட்டா வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.