மே மாத வெயிலில் ஸ்வெட்டர்

குடியாத்தத்து மே மாத வெயிலில் ஒரு பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெற்றவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. பிளஸ் ஒன் லீவு, எந்நேரமும் போன், ஒரு இட்லியை எட்டாகப் பிய்த்து அரை மணி நேரம் அளைவாள்; டயட் என்றாள், விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வேறு "இளைச்சு அழகாயிட்டாளே" என்று ஏற்றிவிட்டார்.

மூன்று மாதமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை, மாதவிலக்கே வரவில்லை என்று தெரிந்ததும்தான் டாக்டரிடம் ஓடினேன். ரத்தசோகை, பசி டானிக். அதைத் தினமும் வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறாள்.

அப்புறம் வேலூர். விடியற்காலை பஸ் பிடித்து வரிசையில் நின்றால், "எந்த டிபார்ட்மென்ட்மா?" என்றார் கவுண்டரில். சாப்பிடவில்லை என்றால் வயிறுதானே என்று வயிற்றைச் சொன்னேன். நாள் முழுக்கக் காத்திருந்து ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். பிள்ளை இப்படிச் சாப்பாட்டை ஒதுக்கினால் நேராக மனநலப் பிரிவைக் கேளுங்கள், கூச்சம் பார்க்காதீர்கள்.

அடுத்த முறை அங்கேதான் போனோம், ரிப்போர்ட் ஃபைல் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல். "அது இல்லாம எப்படிம்மா, நாளைக்கு வாங்க." நான் நகரவே இல்லை. இரக்கப்பட்ட ஒரு நர்ஸ் நாடி பிடித்தார், நிமிஷத்துக்கு வெறும் 46. அவ்வளவுதான், வரிசையெல்லாம் காணாமல் போய் ஈசிஜி, பொட்டாசியம் என்று ஓடினார்கள். அனோரெக்ஸியா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் மனநோய். உடம்பு சூட்டைக் காப்பாற்றத் திணறுவதால்தான் அந்தக் குளிராம், கையில் முளைத்த பூனைமுடியும் அதற்காகத்தானாம்.

டாக்டர் அவளிடமே போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இடுப்புக் குறைக்கும் வீடியோ ஒன்றில் தொடங்கி, முழுக்க 'இன்று நான் சாப்பிட்டது' வகையறா. "நான் தேடலைம்மா, அதுவா வந்துது" என்றாள். போன் மட்டுமே காரணம் இல்லை, எல்லாவற்றிலும் முதலாக வரணும் என்கிற பயமும் சேர்ந்தது என்றார் டாக்டர்.

போனைப் பிடுங்கிப் பார்த்தேன், சித்தி மகள் போனில் பார்த்தாள். கடைசியில் இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக 'விருப்பமில்லை' அழுத்தினோம். இப்போது பூனையும் கோலமும் வருகின்றன.

இன்னொன்று, நெய்ச்சோறு ஊட்ட மாமியார் தயாராக இருந்தார். கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று திணித்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கும், டாக்டர் சொன்ன அளவுதான். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

அடுத்த ரிவ்யூ 15 நாளில். ஃபைல் இப்போதே மஞ்சப்பையில், வாசல் ஆணியில் தொங்குகிறது, மூன்று செட் ஜெராக்ஸோடு.