கார்ட்டூன் முகாமுக்கு விருந்தினரை அழைக்கும் முன்

மே மாதம் வந்தால் நூலகம், குடியிருப்போர் சங்கம், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் கார்ட்டூன் முகாம் நடக்கிறது. ஐந்து நாள், காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயது வரையுள்ள பிள்ளைகள். இதில் ஒன்றிரண்டு நாள் வெளியிலிருந்து யாரையாவது அழைப்பது வழக்கம். வருபவருக்குச் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, நாற்பது நிமிடம் பேசச் சொல்லிவிட்டால் அந்த நாள் வீண். தேர்ந்த கை ஒன்று வெற்றுத் தாளில் எங்கே தொடங்குகிறது, எங்கே தயங்குகிறது, எதை அழித்துவிட்டு மறுபடி போடுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காதது. அதனால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "சார், நீங்க பேச வேண்டாம், வரைஞ்சா போதும். வரையும்போது தோணுறதைச் சொல்லுங்க."

மேடையில் வரைந்து காட்டுவது கார்ட்டூன் உலகத்தில் பழைய பழக்கம். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் வின்சர் மெக்கே 1906-இல் நாடக மேடைகளில் கரும்பலகையும் சாக்பீஸுமாக நின்று இதைச் செய்தார். எதிரெதிரே இரண்டு குழந்தை முகங்களை வரைவார்; பிறகு அங்கங்கே அழித்து, சேர்த்து, அதே முகங்களைப் படிப்படியாக முதுமை வரை கொண்டுபோவார். எந்த விருந்தினருக்கும் தயங்காமல் கொடுக்கக்கூடிய பயிற்சி இது. குழந்தை முகத்தில் கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும், நெற்றி பெரிது, தாடை சிறிது. வயது ஏற ஏறத் தாடை இறங்கும், மூக்கும் காதும் நீளும், கழுத்து மெலியும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் பிள்ளைகள் தங்கள் முகத்தை எழுபது வயதுக்குக் கொண்டுபோகட்டும்.

வரைவது எல்லோருக்கும் தெரிய வேண்டும். வலது கைக்காரர் பலகையில் வரைந்தால் அவர் உடம்பு இடது பக்கத்தை மறைக்கும். பலகையைப் பார்த்து உட்காரும் பிள்ளைகளை நடுவிலிருந்து வலப்பக்கமாக அரைவட்டத்தில் உட்கார வையுங்கள். இடது கைக்காரர் என்றால் நேர்மாறாக. சிலருக்குப் பலகை ஒத்துவராது, மேசையில் குனிந்துதான் வரைவார்கள். அப்போது செல்போனைத் தாளுக்கு மேலே ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, கேபிள் வழியாக டிவியிலோ புரொஜெக்டரிலோ காட்டலாம். வைஃபை வழியாகக் காட்டினால் கை அசைவு தாமதமாகத் தெரியும், சில சமயம் நின்றும் போகும். பென்சில் கோடு கேமராவில் சரியாக விழாது; ரஃப் போடும்போதே 2பி பென்சிலை அழுத்திப் போடச் சொல்லுங்கள், அல்லது கெட்டியான மார்க்கரைக் கொடுங்கள்.

ஒரு வாரம் முன்பே அவரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்: பிள்ளைகளின் வயது, எண்ணிக்கை, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், போக்குவரத்துச் செலவும் சன்மானமும் எவ்வளவு. கடைசியைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஓவியர் என்பதால் இலவசமாக வருவார் என்று எதிர்பார்ப்பது தவறு. இன்னொன்றும் கேளுங்கள்: அச்சான படங்களோடு, பத்திரிகை ஆசிரியர் வேண்டாம் என்று ஒதுக்கிய ரஃப்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரே செய்திக்கு ஐந்து யோசனை போட்டு அதில் ஒன்றுதான் அச்சேறியது என்று கண்ணால் பார்த்த பிள்ளை, தன் முதல் தாள் சரியாக வரவில்லை என்று அதைக் கசக்கி எறியாது.

கேள்வி நேரம் பெரும்பாலும் மௌனத்தில் போய்விடும். புதியவர் முன்னால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. முந்தைய நாளே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்துக் கேள்வியை எழுதி வாங்கி, டப்பாவில் போட்டுவையுங்கள். விருந்தினரே சீட்டை எடுத்துப் படித்துப் பதில் சொல்லட்டும். முடிந்தால் வரைந்தே பதில் சொல்லட்டும். "கை வரைய வரவில்லை என்றால் எங்கே ஒளித்து வைப்பீர்கள்?" என்பது போன்ற கேள்வி சீட்டில்தான் வரும்.

ஆட்டோகிராஃப் வரிசையைத் தொடங்க விடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றாலும் இருபது பேருக்கு ஒரு மணி நேரம் போய்விடும், அவர் கையும் ஓய்ந்துவிடும். முகாமுக்கென்று ஒரே ஒரு பெரிய படம் வரைந்து தரச் சொல்லி சுவரில் மாட்டுங்கள். பிள்ளையின் படத்தைத் திருத்தும்போது விருந்தினர் அந்தத் தாளின் மேலேயே வரையக் கூடாது. மேலே டிரேசிங் தாளை வைத்து அதில் போட்டுக் காட்டட்டும். படம் பிள்ளையுடையதாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

யாரை அழைப்பது? பிரபலமானவர் கிடைத்தால்தான் முகாம் சிறக்கும் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட் ஒருவர் கிடைத்தால் நல்லது. 1906-இல் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதியார் கேலிச்சித்திரம் வெளியிட்ட காலத்திலிருந்து நமக்கு ஒரு மரபு இருக்கிறது. ஆனந்த விகடனில் மாலி, கோபுலு என்று அது வளர்ந்ததையும் அவர் பழைய பக்கங்களைக் காட்டிச் சொல்லலாம். ஆனால் முகாமுக்கு உண்மையில் அதிகம் கொடுப்பவர்கள் வேறு தொழில்களிலும் இருக்கிறார்கள்.

தோல்பாவைக்கூத்துக் கலைஞர் அப்படி ஒருவர். தென் மாவட்டங்களில் சில குடும்பங்கள் இன்னும் ஆடுகிறார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு, முன்னால் நிழல். நிழல் தெளிவாக விழ வேண்டும் என்பதால் பாவையின் முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும்; கை உடம்பைவிட்டு விலகி நிற்கும். கார்ட்டூன் பாத்திரம் அமைப்பதற்கும் இதே விதிதான். அவர் ஆட்டிக்காட்டிய பிறகு, பிள்ளைகள் தாங்கள் வரைந்த உருவத்தைக் கண், மூக்கு, சட்டை எதுவுமில்லாமல் முழுக்கக் கறுப்பாக நிரப்பட்டும். ஓடுகிறானா, ஒளிகிறானா என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கையை மார்புக்கு முன்னால் மடக்கி வரைந்தவர்களுடையது வெறும் மைக்கறையாகத்தான் தெரியும். கையை வெளியே இழுத்து மறுபடி வரைந்தால் போதும். இந்த ஒரு பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் தாராளமாகக் கொடுங்கள்.

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் கட்அவுட்டும் சினிமா பேனரும் எழுதிய ஓவியர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். சின்னப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. 20 செ.மீ. × 30 செ.மீ. படத்தில் 2 செ.மீ. கட்டம் போட்டால் 150 கட்டம். சுவரில் கட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால் படம் 2 மீட்டருக்கு 3 மீட்டர். இருபது பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஏழெட்டுக் கட்டம். சுவரில் கோடு போட அளவுகோல் வேண்டாம்: நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் இழுத்துவிட்டால் நேர்க்கோடு விழும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். குளறுபடி நடப்பது கட்டங்கள் சந்திக்கும் இடத்தில்தான். ஒருவர் வரைந்த தோள் அடுத்தவர் கட்டத்தில் வேறெங்கோ தொடங்கும். கோடு கட்டத்தின் ஓரத்தை எங்கே வெட்டுகிறதோ அங்கே முதலில் புள்ளி வைத்து, பக்கத்துக் கட்டத்துக்காரரோடு சரிபார்த்த பிறகே வரைய வேண்டும். கண் இருக்கும் கட்டம் கிடைத்த பிள்ளை, தாளைப் பார்க்காமல் தனக்குத் தெரிந்த கண்ணை வரைந்துவிடும். மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்தே வரையச் சொல்லுங்கள், சரியாகிவிடும். சுவர் கிடைக்காமல் பழைய ஃப்ளெக்ஸின் பின்பக்கத்தில் வரைவதாக இருந்தால் போஸ்டர் கலர் காய்ந்து உதிரும், அக்ரிலிக் வேண்டும்.

மூன்றாவது ஆள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். இவரை யாரும் விருந்தினராக நினைப்பதில்லை. பென்சில் படம் நகலில் ஏன் சாம்பலாய் மங்குகிறது, வண்ணம் ஏன் கறுப்புத் திட்டாக மாறுகிறது, ஓரத்தில் ஏன் நாலைந்து மில்லிமீட்டர் விழாமல் போகிறது என்று அவர் இயந்திரத்தைத் திறந்து வைத்துக் காட்டினால், மை போடும் பாடத்தை நீங்கள் தனியாக எடுக்க வேண்டியதில்லை. அழுத்தாமல் போட்ட வெளிர்நீலப் பென்சில் கோடு கறுப்பு வெள்ளை நகலில் பெரும்பாலும் விழாது. டார்க்னஸைக் கூட்டினால் விழும். ரஃப் நீலத்தில், மேலே 0.5 மி.மீ. முனைக் கறுப்புப் பேனா என்று பழக்கினால் ரப்பர் தேடுகிற வேலை பாதி குறையும்.

நகலெடுக்க ஏற்றது எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். ஒரே ஏ4 தாள், பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 74 × 105 மி.மீ. தாளின் குறுகிய ஓரங்கள் சேரும்படி மடி, மறுபடி பாதி, மறுபடி பாதி. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். முழுக்கப் பிரித்தால் எட்டுக் கட்டம். இப்போது குறுகிய ஓரங்கள் சேர ஒரே ஒரு முறை மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்பு வரை மட்டும் வெட்ட வேண்டும். திறந்திருக்கும் பக்கத்திலிருந்து வெட்டிய பிள்ளையின் தாள் ஓரத்திலேயே பிளந்துவிடும். ஒவ்வொரு முகாமிலும் நாலைந்து தாள் இப்படிப் போகும் என்று எண்ணிக் கூடுதலாக வையுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் நடுவில் வாய் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். சுற்றி மடித்தால் புத்தகம்.

வரைவதற்கு முன்பே மடித்து, பக்க எண்ணைப் பென்சிலில் எழுதிவிட்டுப் பிரிக்க வேண்டும். பிரித்த தாளை அகலவாட்டில் வைத்தால் கீழ் வரிசை இடமிருந்து: பின்னட்டை, முன்னட்டை, 2, 3. மேல் வரிசை தலைகீழாக, இடமிருந்து: 7, 6, 5, 4. எண் போடாமல் வரையத் தொடங்கினால் பாதிக் கதை தலைகீழாகத்தான் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் சுற்றி 6 மி.மீ. விட்டுவிட்டு உள்ளே வரையச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் காரணத்தை ஏற்கெனவே காட்டியிருப்பார்.

பாத்திரங்களின் பேச்சு வரும் பலூனுக்குள் தமிழ் எழுதுவதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். பிள்ளைகள் முதலில் பலூனை வரைந்துவிட்டு அதற்குள் எழுத்தைத் திணிப்பார்கள். கடைசிச் சொல் எறும்பாய்ச் சுருங்கும். எழுத்தை எழுதிய பிறகுதான் சுற்றிப் பலூன். கி, கீ மேலே வளையும், கு, கூ கீழே இறங்கும். எழுத்து 4 மி.மீ. என்றால் வரிக்கு 8 மி.மீ. இடம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை, 'கொண்டிருக்கிறேன்' ஒன்றே ஒரு வரியைத் தின்றுவிடும். அதைப் பேச்சு வழக்கில் 'கிட்டிருக்கேன்' என்று மாற்றலாம், அல்லது உடைக்கலாம். உடைக்கும்போது 'கா'வின் கால் அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாது. 'கெ'யின் கொம்பு முந்தைய வரியில் தனியாக நிற்கவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் இரண்டையும் செய்வார்கள். குட்டிப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு சொல் போதும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் முன்னால் வந்துவிடும்.

சத்தங்களுக்குப் பெரும்பாலான பிள்ளைகள் 'பூம்', 'பவ்' என்றே எழுதுகிறார்கள். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தரையில் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எழுதட்டும். 'டணங்' என்று ஒன்று வரும், 'ணங்... ணங்... ங்ங்' என்று அது உருண்டு ஓய்வதையும் ஒரு பிள்ளை எழுதும். அந்த முதல் 'ட' எவ்வளவு பெரிது, கடைசி 'ங்' எவ்வளவு சிறிது, எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரையச் சொல்லுங்கள். அடுத்து குடையை விரிப்பது, வாளித் தண்ணீரைச் சுவரில் அடிப்பது, ஈரச் செருப்பு நடை. 'சளப்', 'தொபுக்கடீர்' எல்லாம் தானாக வந்து சேரும். இந்தப் பயிற்சிக்குப் பிறகு பக்கங்களின் உயிரே மாறிவிடுகிறது.

அனிமேஷன்காரர் வந்தால் ஃபிளிப் புக், அதாவது வேகமாகப் புரட்டினால் படம் அசைவது போலத் தெரியும் தாள் கட்டு. 3 அங்குல ஒட்டுத்தாள் கட்டு ஆளுக்குப் பாதி போதும். கடைசித் தாளில் தொடங்கி மேலே வர வேண்டும். அப்போதுதான் கீழே உள்ள படம் ஊடாகத் தெரியும். பசை உள்ள பக்கம் முதுகு, படம் எதிர் ஓரத்தை ஒட்டி. 24 படம் போட்டால் இரண்டு நொடி ஓடும். பந்து குதிப்பதில் தொடங்குங்கள்: உச்சியில் படங்கள் நெருக்கமாக, தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூட வேண்டும். சம இடைவெளியில் போட்டால் பந்து லிஃப்டில் இறங்குவது போலிருக்கும். தரையைத் தொடும் ஒரே படத்தில் மட்டும் அது நசுங்கட்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது பொறுமையைச் சோதிக்கும், அவர்களுக்குச் சுழலும் அட்டை போதும்: 8 செ.மீ. அட்டை வட்டத்தின் ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் கிளி, இரு ஓரத்திலும் ரப்பர் பேண்ட். பின்பக்கப் படம் தலைகீழாக இருந்தால்தான் சுழலும்போது கிளி கூண்டுக்குள் நிமிர்ந்து உட்காரும்.

கேலியுருவம் வரையும் விருந்தினருக்கு ஒரு நிபந்தனை உறுதியாக வையுங்கள்: சக மாணவரின் முகம் கூடாது. பல், நிறம், பருமன் என்று பள்ளியில் ஏற்கெனவே கேலி கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை முகாமிலும் அதைக் கேட்க வேண்டியதில்லை. விருந்தினர் முகத்தை வரையலாம், தன் முகத்தை வரையலாம். எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தை முகத்தருகே பிடித்தால் மூக்கு முன்னால் பெருத்து, காதுகள் பின்னால் ஓடிவிடும். மிகைப்படுத்தல் எப்படி இருக்கும் என்று அது அப்படியே காட்டிவிடும்.

மே மாத வெயிலுக்கும் சில ஏற்பாடு வேண்டும். மின்விசிறியில் தாள் பறக்கும், ஆளுக்கு இரண்டு பைண்டர் கிளிப். வியர்வைக் கையில் மை இழுகும், உள்ளங்கைக்குக் கீழே ஒரு வெற்றுத் தாள். தொட்டு எழுதும் மை வேண்டாம், புட்டி கவிழும், பேனாவே போதும். ரஃபுக்கு 75 ஜி.எஸ்.எம். தாள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு. தண்ணீர்ப் பானை மேசையிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

கடைசி நாள் பரிசு, முதலிடம் எதுவும் வைக்காதீர்கள். ஒவ்வொருவருடைய குட்டிப் புத்தகத்துக்கும் ஐந்து நகல் எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளே தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும்; விருந்தினருக்கும் ஒரு நகல் போகட்டும். அசல் தாள் பிள்ளையிடமே இருக்க வேண்டும். அதன் பின்பக்கம் பெயர், வயது, தேதி மூன்றையும் பென்சிலில் எழுத வையுங்கள். பேனாவில் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும்.