அடாப்டரின் பெயரை நம்பாமல் எண்ணைப் பார்த்த கதை

பழைய மேசைக் கணினி ஒன்றில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். அதற்கு வைஃபை இணைப்புக் கொடுப்பதற்காக, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் செருகினேன். லினக்ஸில் இயங்கும் என்று அதன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஆனால் நெட்வொர்க் பட்டியலில் எதுவும் வரவில்லை. கோப்பு மேலாளரில் மட்டும் புதிதாக ஒரு சிடி தோன்றியது. அதைத் திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஒன்று இருந்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அவற்றில் முதல் மாலை முழுவதும் வீணானதற்குக் காரணம், அடாப்டரின் எண்ணைப் பார்க்க வேண்டிய இடத்தில் நான் பெயரைப் பார்த்ததுதான்.

டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று கொடுத்தால், கணினியில் செருகியிருக்கும் ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் ஒரு வரி கிடைக்கும். அந்த வரியில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட, எழுத்துகளும் கலந்த இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளருக்கு உரியது, இரண்டாவது கருவிக்கு உரியது. என் அடாப்டருக்கு வந்த எண் 0பிடிஏ:1ஏ2பி. அதன் பக்கத்தில் ஆர்டிஎல்8188ஜியூ என்ற சிப்பின் பெயரும், இறுதியில் சிடிராம் நிலை என்ற குறிப்பும் இருந்தன. நான் சிப்பின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான டிரைவரின் (கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலின்) மூலநிரலைத் தேடி இறக்கி, அதற்குத் தேவையான கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஹெட்டர் கோப்புகளையும் நிறுவி, இயங்கும் நிரலாகக் கம்பைல் செய்தேன். பிழை ஏதுமின்றி முடிந்தது. டிரைவரைக் கெர்னலில் ஏற்றும் மோட்புரோப் கட்டளையும் மறுப்புச் சொல்லாமல் அந்த மாட்யூலை (டிரைவர் அடங்கிய கோப்பை) ஏற்றியது. ஆனாலும் வைஃபை வரவில்லை.

மோட்புரோப் அமைதியாக முடிந்ததை வெற்றி என்று எடுத்துக்கொண்டது என் பிழை. பெரும்பாலான மாட்யூல்களை, அவற்றுக்குரிய கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நினைவகத்தில் ஏற்றிவிட முடியும். தான் எந்தெந்தக் கருவிகளுக்குப் பொறுப்பேற்கும் என்று ஒவ்வொரு டிரைவரும் ஓர் எண் பட்டியலை வைத்திருக்கிறது. செருகிய கருவியின் எண் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் கெர்னல் இரண்டையும் இணைத்துவைக்கும். மோட்இன்ஃபோ கட்டளைக்கு மாட்யூலின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பட்டியல் ஏலியாஸ் என்று தொடங்கும் வரிகளாக விரியும். மறுநாள் மாலை அதைப் படித்துப் பார்த்தபோது, என் அடாப்டரின் எண் அதில் எங்குமே இல்லை.

அப்போதுதான் சிடிராம் நிலை என்ற குறிப்பு உறைத்தது. இத்தகைய அடாப்டர்கள் பல, செருகியவுடன் தம்மைச் சிடி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. விண்டோஸ் பயனர் தனி வட்டு இல்லாமலேயே டிரைவரை நிறுவிக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தச் சிடியை வெளியேற்றச் சொன்னால்தான் கருவி தன் உண்மையான வடிவத்துக்கு வரும். 1ஏ2பி என்பது வெவ்வேறு சிப்புகள் அந்தச் சிடி வேடத்தில் காட்டும் பொது எண். பக்கத்தில் வந்த சிப்பின் பெயரோ, அந்த எண்ணுக்கு எதிரே எண்-பெயர் அட்டவணையில் எழுதிவைத்திருந்த பெயர் மட்டுமே. என் கையிலிருந்த கருவி சொன்னதன்று.

யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரலை நிறுவி, அதனிடம் இந்த எண்ணைக் கொடுத்து, சிடியை வெளியேற்றும்படி கட்டளையிட்டேன். ஓரிரு விநாடிகளில் சிடி மறைந்தது. எல்எஸ்யூஎஸ்பியை மறுபடி ஓட்டியபோது, அதே கருவி 0பிடிஏ:சி811 என்று வந்து நின்றது. இது 8811சியூ சிப்பின் எண். முதல் மாலை நான் கம்பைல் செய்த டிரைவருக்கும் இந்தச் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செருகும்போதெல்லாம் இந்த மாற்றம் தானாகவே நடப்பதற்கு, கருவிகள் செருகப்படுவதைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரலுக்கு விதியாக ஒரு வரி எழுதிவைத்தேன்.

எண் தெரிந்த பிறகு எஞ்சியிருந்தது டிரைவரைத் தேர்ந்தெடுப்பது. இந்தச் சிப்புக்குரிய ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் யூஎஸ்பி ஆதரவு, 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 பதிப்பில்தான் சேர்ந்தது. டெபியன் 12 தருவது 6.1. ஒரே ஒரு பதிப்பு வித்தியாசத்தில் வாய்ப்புத் தவறியிருந்தது. வெளியிலிருந்து மூலநிரலை எடுத்துக் கம்பைல் செய்வது ஒரு வழி, புதிய பதிப்பு நிரல்களைப் பழைய டெபியனுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவுவது மற்றொரு வழி. நான் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தேன். கெர்னலின் உள் இடைமுகங்கள் (அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்) பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரை, அந்த மாற்றத்தைச் செய்பவர்களே சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள், வெளியே இருக்கும் டிரைவருக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற நிரல் வெளி டிரைவரை மறுபடி கம்பைல் செய்து கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூலநிரல் புதிய கெர்னலுக்குப் பொருந்தாமல் போகும் நாளில் டிகேஎம்எஸ்ஸும் கைவிரித்துவிடும். கையொப்பமில்லாத நிரல்களை ஏற்காத செக்யூர் பூட் இயங்கும் கணினியாக இருந்தால், நாமே கம்பைல் செய்த மாட்யூலுக்குக் கையொப்பமிடும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இணையமில்லாத கணினியில் புதிய கெர்னலை எப்படி இறக்குவது என்ற கேள்வி எழும். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும் டெதரிங்கை இயக்கினேன். அதற்குத் தனி டிரைவர் எதுவும் தேவைப்படவில்லை.

புதிய கெர்னலில் கணினியைத் துவக்கிய பின்னும் வைஃபை உடனே வந்துவிடவில்லை. டிமெஸ்ஜி கட்டளை காட்டிய கெர்னல் பதிவுகளில், ஆர்டிடபிள்யூ8821சி எனத் தொடங்கும் (8811சியூவுக்கும் இதுவே) ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்றும், பிழை எண் -2 என்றும் ஒரு வரி இருந்தது. கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்பதே -2-இன் பொருள். டிரைவர் வந்துவிட்டது, சிப்புக்குள் அனுப்ப வேண்டிய நிரல்தான் வட்டில் இல்லை என்பதை இத்தனை தெளிவாகச் சொல்லும் அந்த ஒற்றை வரியின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. கட்டற்ற உரிமத்தில் அடங்காத ஃபர்ம்வேருக்கென டெபியன் 12 தனிப் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. அதிலிருந்து ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்ற தொகுப்பை நிறுவி, அடாப்டரைக் கழற்றி மறுபடி செருகினேன்.

இம்முறை டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி, அடாப்டரின் மேக் முகவரி (அதற்கே உரிய அடையாள எண்) முழுவதையும் தாங்கிய நீண்ட பெயருடன் நெட்வொர்க் இடைமுகம் தோன்றியது. நெட்வொர்க்கை இணைக்கும் என்எம்சிஎல்ஐ கட்டளை மூலம் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் இணைந்துகொண்டது.

அதன்பின் ஒரு சிறு தொல்லை மட்டும் மிஞ்சியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 வன்வட்டு இயங்கும்போதெல்லாம் வேகம் சரிந்தது. யூஎஸ்பி 3 கருவிகளின் மின்காந்த இரைச்சல் அந்த அலைவரிசையில் விழுவது அறியப்பட்ட ஒன்றே. அடாப்டரை ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, வன்வட்டிலிருந்து தள்ளி மேசை விளிம்புக்குக் கொண்டுவந்தேன், வேகம் சீரானது. சி811 என்ற எண்ணைச் சிறு தாளில் எழுதி, அந்தக் கேபிளின் தலையில் ஒட்டியிருக்கிறேன்.