பார்க்காத படத்துக்குப் பேச்சு கிடையாது

எங்கள் வீட்டில் சினிமாவைப் பற்றி அதிகம் பேசுகிறவன் நான். அதிகம் பார்க்கிறவள் என் மனைவி. பல வருடமாக இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்த அன்றே சிறந்த படத்துக்கான பத்துப் படங்களின் டிரெய்லரையும் பார்த்துவிடுவேன். நாலு விமர்சனங்களில் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் படிப்பேன். அவ்வளவுதான், விழா முடிகிறவரை என் வாயை யாராலும் அடைக்க முடியாது. "நடிப்பு பிரமாதம், ஆனா இரண்டாம் பாதி கொஞ்சம் தொய்வு" என்று எந்தப் படத்தைப் பற்றியும் தைரியமாகச் சொல்லலாம். இதுவரை ஒருத்தரும் மறுத்ததில்லை.

இந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது ஆஸ்கர் அகாடமிதான். 2025 ஏப்ரலில் ஒரு விதியை அறிவித்தார்கள். ஒரு பிரிவில் இறுதிச் சுற்று ஓட்டுப் போட வேண்டுமானால், அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும். அகாடமியின் சொந்த இணையதளத்தில் பார்த்தால் கணக்கு அங்கேயே ஏறிவிடும். வேறு இடத்தில் பார்த்திருந்தால் எங்கே, எப்போது என்று படிவம் நிரப்ப வேண்டும்.

அடுத்த பரிந்துரைப் பட்டியல் வந்த சமயத்தில்தான் இதைப் படித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு நின்றிருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டுச் சத்தமாக வேறு படித்துக் காட்டினேன்.

"அப்போ இத்தனை நாளா பார்க்காமலே ஓட்டுப் போட்டாங்களா?"

"பல பிரிவுல பார்த்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. எவ்வளவு பெரிய அநியாயம் பாரு!"

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த விதி நம்ம வீட்டுக்கும் நல்லா இருக்கும்ங்க."

மறுநாளே சட்டம் அமலுக்கு வந்தது. முழுசாகப் பார்க்காத படத்தைப் பற்றி வீட்டில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. எட்டாவது படிக்கிற மகள் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் படிவம் தயாரித்தாள். படத்தின் பெயர், பார்த்த தேதி, பார்த்த இடம், தூங்கிய நிமிடங்கள். நாலாவது கட்டம் அம்மாவின் யோசனையாம்.

ரோஷம் வந்துவிட்டது. பத்தையும் பார்த்தே தீருவது என்று முதல் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். வேற்றுமொழிப் படம், இரண்டரை மணி நேரம். கதாநாயகன் ஒரு ஜன்னல் ஓரமாக நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒருமுறை கண்ணைச் சிமிட்டினேன். திறந்தபோது அவனுக்குத் தாடி நரைத்திருந்தது.

"எழுபது நிமிஷம்" என்றாள் மகள், பேனாவோடு.

"தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டு வசனத்தைக் கவனிச்சேன்."

"சப்டைட்டிலை எப்படிப்பா கண்ணை மூடிக்கிட்டுப் படிச்சே?"

தூக்கத்தை இவ்வளவு கேவலமாக நினைக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கு விளக்கிப் பார்த்தேன். 2021 விழாவில் சிறந்த நடிகர் விருதைத்தான் கடைசியாக வைத்திருந்தார்கள். வழக்கமாகக் கடைசியில் வருவது சிறந்த படம். மறைந்த சாட்விக் போஸ்மனுக்குத்தான் விருது, உருக்கமாக முடிக்கலாம் என்ற எண்ணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உறையைப் பிரித்தால் 'தி ஃபாதர்' படத்துக்காக ஆண்டனி ஹாப்கின்ஸ். 83 வயது மனிதர், வேல்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வாங்க ஆளில்லாமல் விழா சட்டென்று முடிந்துபோனது. தூங்கியே ஆஸ்கர் வாங்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று?

"அவர் நடிச்சு முடிச்சுட்டுத் தூங்கினாருங்க" என்றாள் மனைவி.

இரண்டாவது படத்தில் ஐம்பது நிமிடம் தூங்கினேன். மூன்றாவது படத்தின் எண்ணிக்கையைச் சொல்வதற்கில்லை. அதோடு அந்த முயற்சி முடிந்தது.

அப்போதுதான் சட்டத்தில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. பார்க்காத படத்தைப் பற்றித்தானே பேசக் கூடாது? விருதைப் பற்றிப் பேசலாமே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். "என்ன மாமா, இந்த வருஷம் எந்தப் படம்?" என்று அவன் கேட்டதும் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் அசரவில்லை.

"அதை விடு. 1929இல் முதல் விழா எவ்வளவு நேரம் நடந்தது தெரியுமா? கால் மணி நேரம்! 2002இல் நாலே கால் மணி நேரத்தைத் தாண்டிடுச்சு. அந்தச் சிலை பதிமூன்றரை அங்குல உயரம், கிட்டத்தட்ட நாலு கிலோ. ஜெயிச்சவர் அதை விக்கணும்னு நினைச்சா, முதல்ல அகாடமிகிட்டயே ஒரு டாலருக்குக் கொடுக்க முன்வரணும்."

மச்சினன் வாயைப் பிளந்தான். நான் பிடித்துக்கொண்டேன். சிறந்த படம் பிரிவில் மட்டும் ஒரே படத்தைக் குறித்துவிட்டு வர முடியாது, எல்லாப் படத்துக்கும் பிடித்த வரிசைப்படி எண் போட வேண்டும், குறைந்த ஓட்டு வாங்கிய படத்தைக் கழித்து, அதற்குப் போட்டவர்களின் ஓட்டை அவரவர் அடுத்த படத்துக்கு மாற்றி மாற்றி எண்ணுவார்கள். அதனால் ஒரு கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடி இன்னொரு கூட்டம் வெறுக்கிற படத்தைவிட, எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படத்துக்கு வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் ராத்திரி எந்தப் படம் போடுவது என்று முடிவாவதும் இப்படித்தான். நான் கேட்கும் படம் ஒருநாளும் ஓடியதில்லை.

கெவின் ஓகானல் கதையையும் சொன்னேன். ஒலிக்கலவைக் கலைஞர். இருபது முறை பரிந்துரையாகி இருபது முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். 2017இல் இருபத்தோராவது முறை, 'ஹாக்ஸா ரிட்ஜ்' படத்துக்காக ஜெயித்தார். அந்த இருபது தடவையும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆசை யாரை விட்டது? "ஹிட்ச்காக்குக்கு அஞ்சு தடவை பரிந்துரை, சிறந்த இயக்குநர் விருதை ஒரு தடவைகூடக் கொடுக்கலை. 1968இல் ஆறுதலுக்கு ஒரு கௌரவ விருது. மேடையேறி ரொம்பச் சுருக்கமா நன்றி சொல்லிட்டு இறங்கிட்டார். எப்பேர்ப்பட்ட இயக்குநர்!"

"எப்பேர்ப்பட்ட இயக்குநர்ங்கிறது கருத்து" என்றாள் மனைவி. "அவர் படம் எது பார்த்திருக்கீங்க?"

"சைக்கோ."

"முழுசா?"

"...குளியலறைக் காட்சி."

மகள் நோட்டை எடுத்தாள். மச்சினன் ரொம்ப மரியாதையாகக் கூரையைப் பார்த்தான்.

வேறு வழியே இல்லையா என்று பட்டியலை மறுபடி அலசியபோது கிடைத்தது அனிமேஷன் குறும்படப் பிரிவு. குறும்படம் என்றால் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அகாடமி விதி. ஐந்தே படங்கள். தேடிப்பிடித்து ஒரே ராத்திரியில் ஐந்தையும் பார்த்தேன். படிவத்தில் தூங்கிய நிமிடங்கள் என்ற கட்டத்தில் ஐந்து பூஜ்யம். மகள் இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

விழா நாள் விடிகாலையில் எழுந்து எல்லோரையும் எழுப்பினேன். மச்சினனும் முந்தின ராத்திரியே வந்துவிட்டிருந்தான். அலாரம் வைத்து எழுந்து பார்க்கும் விழாவில் முக்கால்வாசி, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வக்கீலுக்கு நன்றி சொல்வதுதான். பேச நாற்பத்தைந்து விநாடி. அதற்கு மேல் போனால் இசைக்குழு வாசிக்க ஆரம்பித்துவிடும். 2009இல் ஏ.ஆர்.ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இன்னமும் இவர்கள் எல்லோர் பேச்சையும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பிரிவு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. உறையைப் பிரித்தார்கள். என் படம் இல்லை.

எழுந்து நின்றுவிட்டேன். எப்படிக் கொடுக்காமல் போவார்கள்? அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தை வசனம் உண்டா? அந்த நிறம், அந்த அமைதி! ஜெயித்த படத்தில் என்ன இருக்கிறது? பேசப் பேசத்தான் உறைத்தது, அறையில் ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை. பேசவும் முடியாது. இந்த ஐந்து படங்களையும் பார்த்தது நான் ஒருத்தன்தான்! மனைவி வாயைத் திறந்தாள், சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். எத்தனை வருடக் கனவு! முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிரேமாக...

சோபாவின் ஓரத்திலிருந்து வயலின் கேட்டது. மகள் என் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, சத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டிருந்தாள்.